ஓடும் நீர் வீண் நீரா?

காவிரி விஷயத்தில் கர்நாடகமும் தமிழ்நாடும் எதிலும் ஒத்துப்போனதில்லை என்பதை 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் தொட்டு இன்று வரையிலான சரித்திரம் அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார். 1924இல் மற்றோர் ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்சநீதிமன்றத்தின் திருத்தம் என்று வழக்கின்மேல் வழக்காக வளர்ந்துவந்த இவ்விவகாரத்தில், இரு தரப்பாரும் வாய்விட்டுச் சொல்லாமலே சம்மதித்துக்கொண்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. அணையில் தேங்காமல் ஓடிப்போகும் நீர் வீணாய்ப்போன நீர் என்பதே அது. மேகதாதுவில் அணை எழுந்தே தீரவேண்டும் என்று பெங்களூரில் முழங்குகிறவர்களும், அதற்கு முந்திக்கொண்டு ராசிமணலில் நாமே ஓர் அணை கட்டிவிடுவோம் என்று தஞ்சையில் முழங்குகிறவர்களும், மற்ற எல்லாவற்றிலும் பகைவராயினும் இந்த ஒரு நம்பிக்கையில் சகோதரர்களே.

இவ்விரு முழக்கங்களுக்கும் நடுவே எல்லையில் வாழ்கிற ஒசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தாராகிய நம்மிடையேயும் அந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பெங்களூரின் செழிப்போடு நம் தொழிற்பேட்டைகளின் செழிப்பும் பிணைந்திருப்பதால், அந்நகரம் தாகத்தால் வாடினால் நாமும் வாடுவோம் என்றும், கடலுக்குப் போகிற உபரி நீரைத் தேக்கினால் குடிக்கவும் ஆகும், மின்சாரத்துக்கும் ஆகும், தமிழ்நாட்டுக்குரிய பங்கும் ஒழுங்காக வந்துசேரும் என்றும், இத்தனை நன்மைகளுக்கு முன்னால் சில மீன்களையும் அணில்களையும் காட்டித் தடைசொல்வது வேலையற்றோரின் விநோதம் என்றும் படித்தவர்களே பேசுகிறார்கள். இந்த வாதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு பகுதியேனும் நிற்காது என்பதே என் கட்சி.

முதலில் விவாதத்துக்குரிய திட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். கனகபுரத்துக்குத் தெற்கே அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் சங்கமத்துக்குச் சற்றுக் கீழே, தமிழக எல்லைக்குச் சில கிலோமீட்டர் மேலே, பாறைகளுக்கிடையே ஆறு ஒடுங்கிப் பாயும் மேகதாதுப் பகுதியில், 67.16 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. குடிநீர் எடுப்பதும், 400 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்வதும் கர்நாடக அரசின் உத்தேசம். 2018 நவம்பரில் மத்திய நீர் ஆணையம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க அனுமதி தந்தது. மறு ஆண்டில் சமர்ப்பிக்கப்பட்ட அவ்வறிக்கை செலவை ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இதற்குத் தேவைப்படும் நிலம் 5,000 ஹெக்டேருக்கும் அதிகம். அதில் மிகப்பெரும் பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும் ஆகும்.

அந்தக் காடு எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆற்றின் இக்கரையில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளாக அது தொடர்கிறது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தபோது, அங்கே 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் இருப்பதை எடுத்துச்சொன்னதோடு, காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் இணைக்கும் பாலமாக அது அமையும் என்பதையும் காரணமாகக் காட்டியது. ஆகவே, அக்கரையில் மூழ்கப்போவது அயலாரின் காடு என்று நாம் கைகழுவ இடமில்லை.

இனி, உபரி நீர் என்னும் முதல் வாதத்துக்கு வருவோம். நடுவர் மன்றம் காவிரியின் ஓராண்டு நீரை 740 டி.எம்.சி. என்று கணித்து, அதை நான்கு பிரதேசங்களுக்கும் பங்கிட்டபோது, ஆற்றின் சுற்றுச்சூழலுக்கென்று விட்டுவைத்தது 10 டி.எம்.சி.; தடுக்க முடியாமல் கடலில் சேர்வதென்று ஒதுக்கியது 4 டி.எம்.சி. மடியிலுள்ள பால் முழுவதையும் கறந்துகொண்டு, கன்றுக்கு நாக்கை நனைக்கும் அளவு விட்டுவைத்தவன்கூட அந்தத் துளியை விரயம் என்று சொல்லத் துணியமாட்டான், நாம் துணிகிறோம். மழை மிகுந்த ஆண்டுகளில் கொள்ளிடத்தில் பெருகிப்போகும் வெள்ளத்தைக் காட்டி, பார்த்தீர்களா நஷ்டத்தை என்கிறோம். அந்த வெள்ளமே வண்டலையும் மணலையும் சுமந்துசென்று டெல்டாவை வளர்த்தது. அதுவே கடலோர ஊர்களின் நிலத்தடியில் உப்புநீர் ஏறாமல் தள்ளிவைக்கிறது. முகத்துவாரத்து மீன்களின் வாழ்வும் வலைஞரின் பிழைப்பும் அதையே நம்பியிருக்கின்றன. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்து முட்டையிட்டுக்கொண்டிருந்த உல்லம் மீனின் வரவு தேய்ந்து அற்றுப்போயிற்று என்பதை நினைத்தால், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே நடப்பது ஒருவழிச் செலவு அன்று என்பது விளங்கும்.

உபரி என்னும் சொல்லில் மறைந்துகிடக்கும் வேறொரு பிழையும் உண்டு. வெள்ளம் பெருகும் ஆண்டில் இரு மாநிலத்தார்க்கும் சண்டையில்லை. சண்டை வருவது மழை பொய்க்கும் ஆண்டில். அப்படிப்பட்ட ஆண்டில் புதிய அணைக்கென்று வானம் தனியாகப் பொழியப்போவதில்லை. கிருஷ்ணராஜ சாகரத்துக்கும் கபினிக்கும் கீழே சிம்ஷா, அர்க்காவதி முதலிய உபநதிகளிலிருந்து, எந்த மதகுக்கும் கட்டுப்படாமல் வந்து எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைக் கடக்கும் நீர்தான் அங்கே தேங்கப்போகிறது. உச்சநீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்து, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 என்று அட்டவணை வகுத்திருந்தாலும், அணைகளைத் திறக்க மறுக்கும் நாட்களில் தமிழகத்துக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கட்டற்ற நீரே. மனிதர் திறந்துவிடாமல் தானே வருகிற இந்த நீர் டெல்டாவின் கடைசிக் காப்பு. தென்மேற்குப் பருவத்தின் முதற்பெருக்காகச் செந்நிறத்தில் பாய்ந்து, மீன்களை முட்டையிட மேலேறச் செய்யும் அழைப்பும் இந்த நீரே. உழவனின் நலமும் ஆற்று ஜீவராசிகளின் நலமும் வெவ்வேறு என்று பேசுவோர் இந்த ஓர் இடத்தையாவது ஆழ்ந்து பார்த்தல் நன்று.

அடுத்தது குடிநீர் வாதம். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் நகரத்தின் தாகத்தை ஏளனம் செய்வது மனிதத்தன்மையாகாது; 2024ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரத்தார் பட்ட அவதி நம் கண்முன்னே நிகழ்ந்தது. எனினும், தாகம் உண்மையானது என்பதாலேயே மருந்தும் சரியானதாகிவிடாது. 4.75 டி.எம்.சி. எடுப்பதற்காக அதைப்போல் பதினான்கு மடங்கு நீரைத் தேக்கும் அணை எதற்கு என்ற கேள்விக்கு, குடிநீரைக் காரணம் காட்டுவோர் தெளிவான பதில் தந்தபாடில்லை. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், மேகதாதுவில் ஒரு கல்லும் வைக்கப்படாமலே, தொரேகாடனஹள்ளியிலிருந்து நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரைக் கூடுதலாக அந்நகரத்துக்கு ஏற்றுகிறது. இப்படி நூறு கிலோமீட்டர் தூரம் மலையேற்றிக் கொண்டுவரப்படும் நீரில் கால்பங்குக்குக் குறையாமல் குழாய்க் கசிவிலும் கணக்கில் வராத வழிகளிலும் தொலைகிறது என்பது நெடுநாளாக அறிந்த விஷயம்.

குடித்த நீர் கழிவாகி எங்கே போகிறது என்று கேட்டால் இந்த வாதத்தின் விபரீதம் இன்னும் தெளிவாகும். பெங்களூரின் ஒரு பாதிக் கழிவு பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, நம் ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவதை இந்த வட்டாரத்தில் காணாதவர் இல்லை. மற்றொரு பாதியைச் சுமந்துசெல்லும் விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. சங்கமத்துக்குக் கீழேதான் மேகதாது அணை. ஓடுகிற ஆறு பாறைகளில் மோதிக் காற்றைக் கலந்து அந்த அழுக்கை ஓரளவேனும் ஆற்றிக்கொள்கிறது. தேங்கிய நீருக்கு அந்தச் சக்தி குறைவு. கெலவரப்பள்ளியில் எது நடந்ததோ அதுவே ஐயாயிரம் ஹெக்டேர் பரப்பில் நடக்க ஏற்பாடு செய்துகொண்டு, அந்த நீரை அதே நகரத்துக்குக் குடிநீராக மேலேற்றுவோம் என்பது திட்டமா, பிராயச்சித்தமா என்று வாசகரே தீர்மானிக்கலாம். இதற்கு மாற்றுவழி அறியாதவர்கள் அல்லர் கர்நாடகத்தார். கோரமங்கலா, செல்லகட்டப் பள்ளத்தாக்குகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 முதல் நம் அண்டை மாவட்டமாகிய கோலாரின் வறண்ட ஏரிகளை நிரப்பிவருகிறவர்களும் அவர்களே. அந்த வழியைக் குறையறச் செம்மைப்படுத்தி விரித்தால் ஒரு நதியைக் கொல்லாமலே ஒரு நகரம் வாழும்.

மூன்றாவது மின்சார வாதம். நிலக்கரிப் புகையில்லாத சக்தி என்னும் பெருமை நீர்மின்சாரத்துக்கு நியாயமாகவே உண்டு. 1902இலேயே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிய சாதனை இந்தப் பிரதேசத்தின் கௌரவம். ஆனால், அது அருவியின் இயல்பான வீழ்ச்சியைப் பயன்படுத்திக்கொண்ட காரியம். காட்டுப் பள்ளத்தாக்கையே மூழ்கடித்து வீழ்ச்சியை உண்டாக்கும் காரியம் அன்று. அன்று வேறு வழி இருக்கவில்லை; இன்று இருக்கிறது. அதே கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில், மழை மறந்த சுமார் 13,000 ஏக்கர் நிலத்தை உழவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து அமைத்த சூரிய மின்பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். 13,000 ஏக்கர் என்பது ஐயாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர். மேகதாது கேட்கும் நிலமும் ஏறத்தாழ அவ்வளவே. அங்கே ஒரு மரமடர்ந்த பள்ளத்தாக்கும் மூழ்காமல் ஐந்து மடங்கு திறன்; இங்கே சரணாலயத்தைக் கொடுத்து 400 மெகாவாட்.

சூரியன் மாலையில் மறைந்துவிடுவானே, விளக்கேற்றும் வேளைக்கு அணையல்லவா உதவும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடையும் தமிழகத்திலேயே இருக்கிறது. ஆனைமலையின் காடம்பாறையில், மின்சாரம் மிகுந்த வேளையில் நீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும் வேளையில் கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கும் நிலையம் 1980களின் இறுதி முதல் இயங்கிவருகிறது. அதன் திறனும் 400 மெகாவாட்டே. ஏற்கெனவே கட்டிமுடித்த நீர்த்தேக்கங்களை இவ்விதம் இணைத்துப் பயன்படுத்தும் வாய்ப்புகளை முதலில் தீர்த்துவிட்டு, அதற்குப் பின்னும் குறை இருந்தால் பேசலாம். மேலும், மாலைநேர மின்சாரத்துக்காக மதகைத் திறந்து மூடுகிற அணைக்குக் கீழே ஆறு ஆறாக இருப்பதில்லை. காலையில் வற்றியும் இரவில் பெருகியும், அடித்தட்டிலிருந்து வரும் பிராணவாயு குறைந்த நீரைச் சுமந்தும் ஓடும் அந்தக் காவிரியை நம்பித்தான் ஒகேனக்கல்லின் பரிசல் ஓட்டிகளும் மீனவரும் பிழைக்கவேண்டியிருக்கும்.

மிருகங்களுக்கு வேறிடம் இல்லையா என்பது நான்காவது வாதம். ஆராயாமல் பேசப்படுவதில் இதற்கே முதலிடம். அழிந்துவரும் ஜீவன்களில் பலவற்றுக்குத் தேவை காடு மட்டுமன்று, காட்டுக்குள் ஓடும் ஆறு. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீரையே எடுத்துக்கொள்வோம். 1946இல் 120 ராத்தல் எடையுள்ள ஒன்றைக் காவிரியின் உபநதியாகிய கபினியில் தூண்டிலிட்டுப் பிடித்தார்கள் என்பது வேட்டைக்காரர் உலகில் பிரசித்தம். அத்தனை புகழ்பெற்ற மீனுக்கு விஞ்ஞானப் பெயர் இன்னதென்று 2018இல்தான் ஐயமற நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டிலேயே, அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலிலும் அது ஏறிற்று. பெயரிட்ட கையோடு மரணப் படுக்கையிலும் கிடத்தினோம்.

பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்டால் போயிற்று என்பார்கள். அதைச் செய்தும் பார்த்தாயிற்று என்பதே இந்த மீனின் சோகம். 1970கள் முதல், நல்ல எண்ணத்தோடுதான், லோனாவாலாப் பண்ணையில் பொரித்த வேறோர் இனமாகிய நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அந்நிய இனம் பெருகிற்று, சொந்த இனம் அருகிற்று. சீனத்தில் யாங்சி நதியின் குறுக்கே 1981இல் கெழௌபா அணை ஆற்றை மறித்த பின், முட்டையிட மேலேற வழியற்றுப்போன துடுப்புமூக்கு மீன் இன்று பூமியில் இல்லை. 2022இல் அது அற்றுப்போனதென்று அறிவித்தாயிற்று. பண்ணைகளும் பொரிப்பகங்களும் அறியாத தேசமா சீனம்? கூழாங்கல் படுகையும், காற்றுக் கலந்து பாயும் நீரும், பருவமறிந்து வரும் வெள்ளமும் இல்லாமல் இத்தகைய மீன்கள் வம்சம் வளர்ப்பதில்லை. அணை நீரிலும் மீன் வளருமே என்பவர்கள் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே வளர்வன கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும்.

கரையிலும் கதை இதுவே. நரைநிற மலையணில் தரையில் இறங்கிப் பிழைக்கும் பிராணி அன்று. ஆற்றோரத்து நீர்மருதும் நாவலும் புளியும் கிளையோடு கிளை கோத்து நிற்கும் பசும்பந்தலே அதன் ராஜ்யம். அந்தப் பந்தல் ஆற்றங்கரையில் ஒரு குறுகிய பட்டையாக மட்டுமே இருக்கிறது, நீர்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவதும் அதுவே. மேட்டிலுள்ள வறண்ட முட்காட்டில் அதற்கு வேறிடம் கொடுப்பதென்பது கடுதாசியில் மட்டும் நடக்கும் குடியேற்றம். நீர்நாயும், முதலையும், லீத் மென்னோட்டு ஆமையும் இப்பட்டியலில் அடுத்தடுத்து வருவன.

யானையின் விஷயத்திலோ நமக்கு நேரடி அநுபவம் உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக வலசை வந்து, சானமாவுக் காட்டில் முகாமிட்டு, சூளகிரி வரை வயல்களில் இறங்கும் கூட்டங்களால் நம் குடியானவர் இழந்த விளைச்சலும் உயிர்களும் கொஞ்சமல்ல. கோடையில் மேட்டுக்காட்டுக் குட்டைகள் வற்றியபின் அந்த யானைகளுக்கு நிச்சயமான நீரும் நிழலும் தரும் ஒரே இடம் காவிரிப் பள்ளத்தாக்கு. அதை மூழ்கடித்துவிட்டு, அகன்ற நீர்ப்பரப்பால் இருகரைக் காடுகளையும் துண்டித்துவிட்டால், யானை எங்கே போகும் என்று தேன்கனிக்கோட்டைக் குடியானவரைக் கேளுங்கள். வனத்துறை நிபுணர் வேண்டியதில்லை. எங்கோ காட்டுக்குள் எழும் அணை தொழிற்பேட்டைக்காரர்களாகிய நம்மைத் தொடாது என்பது பொய்.

இத்தனையும் சொன்னபின், நம் பக்கத்துத் தவற்றைச் சொல்லாமல் விடுவது பட்சபாதமாகும். மேகதாதுவுக்குப் பதில் ராசிமணல் என்று சொல்வோர், கொலையைத் தடுக்கவில்லை. கொலையாளியை மாற்றச் சொல்கிறார்கள். சிவசமுத்திரம், மேகதாது, ராசிமணல், ஒகேனக்கல் என்று படிக்கட்டுபோல நான்கு நீர்மின் திட்டங்களை வரைந்துவைத்த காலமும் ஒன்றிருந்தது. அவை யாவும் நிறைவேறியிருந்தால் மேட்டூருக்கு மேலே ஓடும் காவிரி என்று சொல்ல ஏதும் மிஞ்சியிராது. ராசிமணலில் எழும் அணை மூழ்கடிப்பது நாமே 2022இல் சரணாலயம் என்று அறிவித்த காட்டைத்தான். பிறர் கட்டினால் சூழலியல், நாம் கட்டினால் அபிவிருத்தி என்னும் தர்க்கத்தோடு எந்த நியாய சபையிலும் நாம் நிற்க முடியாது.

அணையின்றி ஆற்றைப் பயன்படுத்தத் தெரியாதவர்களும் அல்லர் நாம். புளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்டுக்கொண்டிருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஓடும் காவிரியிலிருந்தே நீர் எடுத்து ஒசூர் வரை கொண்டுவருகிறது. அதற்காக ஒரு பள்ளத்தாக்கும் மூழ்கவில்லை. நம் வீட்டுக் குழாயில் வருகிற நீரே ஓடும் நீர் வீண் நீர் அன்று என்பதற்கு அத்தாட்சி. கேரளத்தார் குந்திப்புழையின் குறுக்கே 240 மெகாவாட் திட்டத்தைக் கைவிட்டு, 1984இல் சைலண்ட் வேலியைத் தேசியப் பூங்காவாக்கியபோது, சிங்கவால் குரங்குக்காக மாநிலத்தை இருளில் தள்ளுகிறார்கள் என்று பரிகசித்தவர்கள் பலர். கேரளம் இருண்டுபோகவில்லை. அமெரிக்காவிலோ கிளாமத் நதியின் நான்கு நீர்மின் அணைகளை 2024இல் இடித்தகற்றினார்கள். சில வாரங்களுக்குள் சால்மன் மீன்கள் பழைய அணை எல்லையைத் தாண்டி மேலேறின. கட்டிய அணையையே இடிக்கும் காலத்தில், கட்டாத அணையைக் கட்டாதிருப்பது அத்தனை கடினமான தியாகமா?

2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டின் ஆட்சேபங்களைக் கேட்டபிறகே மத்திய நீர் ஆணையம் முடிவெடுக்கும் என்பதால் வழக்கு காலத்துக்கு முந்தியது என்று சொல்லி மனுவை முடித்துவைத்தது. ஆகவே, இப்போது ஆட்சேபம் எழுதும் வேலை நம்முடையது. அந்த ஆட்சேபத்தில் டி.எம்.சி. கணக்கு மட்டும் இருந்தால், அதே கணக்கால் அதற்கு ஒருநாள் பதில் கிடைத்துவிடும். மாதாமாதம் அட்டவணைப்படி அளந்துவிடுகிறோம், போதுமா என்று கேட்பார்கள், நம்மிடம் மறுமொழி இராது. சிவசமுத்திரத்துக்குக் கீழிருந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பு வரை காவிரியை எந்த மாநிலமும் எந்தக் காரணத்துக்காகவும் மறிக்கலாகாது. அதன் இருகரைச் சரணாலயங்களையும் ஒரே காடாகக் கருதி இரு அரசுகளும் கூடிக் காக்கவேண்டும். அந்தக் கட்டுப்பாடு ராசிமணலுக்கும் ஒகேனக்கல்லுக்கும் சேர்த்தே பொருந்தும் என்று தமிழ்நாடு முதலில் தன் கையையே கட்டிக்கொண்டு எழுதட்டும். தன்னையும் பிணைக்கும் நியாயத்தைச் சொல்கிறவன் சொல்லுக்கே எதிராளியின் சபையில் மதிப்புண்டு. நம் பங்கு நீரைக் கேட்கும் உரிமையும் அப்போதுதான் சுயநலம் என்னும் பழிச்சொல்லிலிருந்து விடுபட்டு நிமிர்ந்து நிற்கும்.